மலைநாட்டுச் சிறு வணிகரும் இணையத்தளமும்

வாணிகத்திற்குப் பொருள் வேண்டும், இடம் வேண்டும், நாணயம் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. இவற்றோடு முகவரி ஒன்றும் வேண்டும் என்பதை நகரத்தில் வாழ்வோர் நினைந்து பார்ப்பதில்லை. அஃது அவர்க்கு இயல்பாகவே வாய்த்திருப்பதால் என்க. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடை வைத்திருப்பவர்க்கு வீதியின் பெயர் உண்டு, இலக்கம் உண்டு. தபாற்காரர் வாசலுக்கே வருவார். ஹற்றனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்லும் வீதிகளின் இருமருங்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. லயன் அறைக்கென்று தனி முகவரி இருப்பது அரிது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாற்கந்தோர் உள்ள ஊரின் பெயர் ஆகிய இவையே உறையில் எழுதப்படும். கடிதம் தோட்டக் காரியாலயத்திற் போய்ச் சேர்ந்து, பின்னர் ஆள் மாறி ஆள் மாறி உரியவர் கைக்கு வரும். வங்கிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் நாள் கடந்து கிடைத்த கதைகள் மலைநாட்டிற் பல.

இந்நிலையிலுள்ள ஒருவர், தாம் தொடங்கிய சிறு தொழிலுக்கு இணையத்தளம் ஒன்று அமைப்பித்துக்கொள்வது எவ்வாறு, அதனால் வரும் பயன் யாது, கவனிக்க வேண்டியன எவை என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம். எமது கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வைத்தியராகவும் மலைநாட்டிற் பணி புரிந்தவர். இன்று கணினித் துறையில் விளங்குவோரும் பலர். ஆதலின் இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று எனக் கருதுகின்றோம்.

முதற்கண் இணையத்தளம் என்பது யாது என்று நோக்குவோம். உலகளாவிய வலை என்று நாம் இன்று வழங்கும் அமைப்பினை, ஜெனீவா நகரின் அருகேயுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1989 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். 1993 ஏப்பிரில் மாதத்தில் அந்நிலையத்தார் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தனர். அக்கொடையே பெருங்கம்பனியாரும் பெட்டிக்கடைக்காரரும் ஒரே வீதியிற் கடை வைக்க இடந்தந்தது.

இணையத்தளம் ஒன்றனுள் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. தளத்தின் பெயர் ஒன்று. அதனைத் தொழில் செய்வோர் டொமேன் என்பர். அத்தளம் வைக்கப்பட்டிருக்கும் இடம் மற்றொன்று. இரவும் பகலும் ஓயாது இயங்கும் வழங்கி என்னும் கணினியில் வாடகைக்குப் பெறும் சிறு மூலையே அவ்விடம். அம்மூலையில் அடுக்கி வைக்கும் எழுத்தும் படமும் மூன்றாவது. பெயர் பதிவேட்டில் எழுதிய பெயர். இடம் வாடகை வீடு. எழுத்தும் படமும் வீட்டுத் தளபாடம். வாடகை வீடு மாறினாலும் தளபாடத்தை ஏற்றிச் செல்லலாம். பெயரும் கூடவே வரும். இம்மூன்றும் வெவ்வேறானவை என்பதை அறியாமையாற்றான் பெரும்பாலான இடர்கள் விளைகின்றன.

எங்ஙனமெனின், தளம் அமைத்துத் தருவதாக முன்வரும் இளைஞர் பெயரைத் தம் பெயரிலேயே பதிவு செய்து, இடத்தையும் தம் கணக்கிலேயே வாங்கி, எல்லாவற்றுக்குமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொள்வார். கபடம் யாதுமின்றி, எளிமை கருதியே அவ்வாறு செய்வார். இரண்டாண்டு கழிந்தபின் அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ சென்றுவிடுவார். புதுப்பிக்கும் நாளை நினைவூட்டும் மின்னஞ்சல் அவருக்கே செல்லும். கட்டணம் செலுத்தப்படாது பெயர் காலாவதியாகும். கடைப் பலகையிலும் விலாச அட்டையிலும் அச்சிட்ட பெயரைப் பின்னர் வேறொருவர் வாங்கிக்கொள்ளவுங் கூடும். ஆதலின் வணிகர் முதன்முதற் கேட்க வேண்டிய வினா, தளம் எத்துணை அழகாக இருக்கும் என்பதன்று. பெயர் எவர் பெயரில், எவருடைய மின்னஞ்சலிற் பதியப்படும் என்பதே. கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டையோடு பூட்டி வைத்தல் நன்று.

இலங்கைக்குரிய எல்கே என்னும் முடிபு 1990 ஆம் ஆண்டில் எமது நாட்டுக்கு வழங்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஹான் டயஸ் அதன் பதிவகத்தை நிறுவியவர். 2010 ஆம் ஆண்டில் சிங்களத்திலும் தமிழிலும் நாட்டின் பெயரையே முடிபாகக் கொள்ளும் உரிமை கிடைத்தது. அதனால் ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ்ப் பெயரை எவரும் பெறலாம். தமிழுக்கு இத்தகைய இடம் கிடைத்ததில் எமக்கும் பெருமையுண்டு. ஆயினும் ஒரு நுட்பத்தைக் கூறல் வேண்டும். இணையத்தின் பெயர்ப் பதிவேடு இலத்தீன் எழுத்தையும் எண்ணையும் சிறு கோட்டையும் மாத்திரமே அறியும். தமிழிற் பெயர் எழுதினால் அது திரைமறைவில் எக்ஸ் என் என்று தொடங்கும் ஒரு நீண்ட இலத்தீன் எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டே செல்கின்றது. உலாவி அதனை மீண்டுந் தமிழாக்கிக் காட்டும். சில செயலிகள் காட்டா. அப்பொழுது நண்பர்க்கு அனுப்பிய அழகிய தமிழ் முகவரி புரியாத எழுத்துக்கோவையாகப் போய்ச் சேரும். ஆதலால் தமிழ்ப் பெயரோடு எல்கே என முடியும் இலத்தீன் பெயரையும் பெற்று, இரண்டும் ஒரே தளத்தைச் சுட்டுமாறு அமைத்தலே தக்கது.

இவ்விடத்து மற்றொன்றையுங் குறிப்பிடுவோம். வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தின் வாயிலாகப் பதிவு செய்யப் போகும்போது கடை நடக்கும் இடம் எவருடையது என்னும் கேள்வி எழும். தோட்டக் காணிகளின் முகாமை 1992 இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தும் காலடி மண்ணுக்கு உறுதி இல்லாதோர் பலர். தளப்பெயர் ஒன்றைப் பெறுதற்குக் காணி உறுதி கேட்பாரில்லை. தோட்டத்துப் பெண்ணொருத்தி தன் தையல் வேலைக்கு ஒரு பெயர் பெற்றால், குடும்பத்திலே தன் பெயருக்கென எழுதப்பட்ட முதற் சொத்து அதுவாகவே இருத்தல் கூடும். காணி உரிமைக்கு அஃது ஈடாகாது. அவ்வுரிமைப் போராட்டம் வேறு. எனினும் ஆண்டுதோறுங் கட்டணம் செலுத்தும் வரையில் அப்பெயரை எவராலும் எளிதிற் பறிக்க இயலாது.

இனித் தமிழெழுத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும்; மலைநாட்டு அச்சகங்களிலும் கணினி நிலையங்களிலும் இன்றும் நேரும் பிழை இதுவே. இலங்கையிற் கணினி பரவிய காலத்தில் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காயிற்று. அவ்வெழுத்துருவில் தமிழெழுத்துக்கள் இலத்தீன் எழுத்துக்களின் இடத்தில் அமர்ந்திருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணினிக்கு ஆங்கில எழுத்துக்களின் குழம்பிய கோவையே. அச்சிடுவதற்கு அதனாற் குறையில்லை. தாளுக்குக் கண் இல்லை. இணையத்திலோ, ‘ஹற்றன் தங்குமிடம்’ என்று ஒருவர் தேடினால் பாமினியில் எழுதிய பக்கம் அகப்படாது. அவ்வெழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக்களே தோன்றும். கண் பார்வை குன்றியோர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலியும் அதனை வாசிக்க மாட்டாது.

1991 இல் வெளிவந்த யூனிகோட் முறையின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனியிடம் ஒதுக்கப்பட்டது. எனினும் அது பரவுதற்குப் பல்லாண்டு சென்றது. இடைக்காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைக் கையாண்டனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் நண்பர் சிலரோடு கூடி 1995 ஆம் ஆண்டில் இணையத்திலே தமிழைத் தோன்றச் செய்தமை இவ்வரலாற்றில் மறக்கத்தகாத ஒன்று. அவர் நான்காண்டு கழிந்து மறைந்தார். இன்று யூனிகோட் முறையே எங்கும் நிலைபெற்றுவிட்டமையால், தளம் அமைப்பவர் தமிழை அம்முறையிலேயே எழுதுகின்றாரா என்று வணிகர் கேட்டறிதல் வேண்டும். சோதித்தலும் எளிது: பக்கத்திலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தாற் போதும், தமிழாகவே விழுந்தால் நலம். தமிழ் வாசகங்களைப் படமாக்கி ஒட்டும் வழக்கமும் உண்டு. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறிக்குக் காட்டுவது சுவரிலெழுதியதைக் குருடனுக்குக் காட்டுவது போலாம்.

நிற்க. தளத்தில் எதனை எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டினை மனத்திற் கொள்வோம். ஹற்றனிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் மலையேறிச் சென்றால் சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் நல்லதண்ணி என்னும் ஊர் வரும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்திற் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அயல்நாட்டாரும் அவ்வழியே 2243 மீற்றர் உயரமுள்ள சிகரத்திற்கு ஏறுவர். அங்கே ஒருவர் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகின்றார் என்று கொள்வோம். நள்ளிரவில் மலையேறி விடியலிற் சூரியோதயம் கண்டு இறங்கும் யாத்திரிகர் அவரிடம் அறிய விரும்புவன யாவை? ஹற்றன் புகையிரத நிலையத்திலிருந்து பஸ் எப்பொழுது, முச்சக்கர வண்டிக்கு என்ன கூலி, அறை வாடகை எவ்வளவு, வெந்நீர் உண்டா, அதிகாலை இறங்கி வரும்போது காலை உணவு கிடைக்குமா, யாத்திரைக் காலம் அல்லாத மாதங்களில் மலையேற இயலுமா, அட்டைக்கடிக்கு என்ன செய்வது என்பனவே. தளங்கள் பலவற்றில் இவற்றுள் ஒன்றும் இராது. ‘இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் மனங்கவர் விருந்தோம்பல்’ என்று பெரிய எழுத்திற் காணப்படும். எழில் கொஞ்சுவதைப் படமே காட்டிவிடும். வாடகையை எழுதாது விடுவது இன்னுந் தீது. ‘விலைக்குத் தொடர்பு கொள்க’ என்னும் வாசகத்தைக் கண்டவர் பெரும்பாலும் தொடர்பு கொள்ளார். அடுத்த கடைக்குப் போவார்.

மொழி பற்றியும் ஒரு சொல். அவ்விடுதிக்கு வருவோரிற் சிங்கள யாத்திரிகரே மிகுதி. அயல்நாட்டார் ஆங்கிலத்திலே தேடுவர். கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் எம்மவர் தமிழிலே கண்டால் மகிழ்வர். எனவே மும்மொழியும் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அவ்வாறே ஒட்டிவிடுதல் ஆகாது. சிங்களத்தை ஒரு சிங்கள அயலவரிடமும் ஆங்கிலத்தைத் தோட்டப் பாடசாலை ஆசிரியரிடமும் காட்டித் திருத்திக்கொள்வதற்கு ஒரு தேநீர்ச் செலவே பிடிக்கும். எமது மாணவர் இவ்வகையில் உதவலாம். விடுமுறையில் மலைநாட்டு நண்பர் வீட்டுக்குச் செல்வோர், ஒரு சிறு கடைக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்து வருதல் நல்ல பயிற்சியாகும்.

படங்களைக் குறித்துக் கணக்கொன்று காட்டுவோம். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று 5 மெகாபைற்று அளவினதாக இருக்கும். மலை மடிப்புகளில் அலைவரிசை தளர்ந்து, வினாடிக்கு 1 மெகாபிற்று வேகமே கிடைக்கும் இடங்கள் உண்டு. அவ்வேகத்தில் அப்படம் வந்து சேர 40 வினாடி செல்லும். பத்துப் படம் இட்ட பக்கத்துக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம் காத்திருத்தல் வேண்டும். பஸ்ஸிலிருந்து தேடுபவர் அதற்குள் ஹற்றனைக் கடந்து நோர்வூட் சந்திக்கே போய்விடுவார். அதே படங்களைத் தலைக்கு 200 கிலோபைற்றாகச் சுருக்கினால் பத்தும் 16 வினாடியில் வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது. அசையும் படங்களும் பின்னணி இசையும் மேலே விழும் பூக்களும் வேண்டுமென்று வணிகர் சிலர் விரும்புவதுண்டு. அவை கலியாண வீட்டு அலங்காரம்; கடைக்கு வேண்டா. கொழும்பிலே அதிவேக இணைப்பில் அமர்ந்து தளம் அமைப்பவர்க்கு இத்தடை புலப்படாது. ஆதலின் பணம் முழுவதையும் கொடுக்குமுன், தளத்தைத் தோட்டத்திலிருந்தே, பழைய கைத்தொலைபேசி ஒன்றில் திறந்து பார்த்தல் வேண்டும்.

மலைநாட்டுக்கும் வசதிக்கும் உள்ள தொலைவு புதியதன்று. கெஹெல்கமு ஆற்று நீரில் எழும் லக்சபான மின்சாரம் 1950 முதல் கொழும்புக்குச் சென்றது. அம்மின்கம்பிகள் தலைக்கு மேலே ஓடிய லயன்களிற் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. இணைய வசதியிலும் அவ்வாறு நேராதிருக்கவே நெனசல என்னும் அறிவு நிலையங்கள் நாடெங்கும், விகாரைகளிலும் கோவில்களிலுங்கூட, அமைக்கப்பட்டன. அத்திட்டம் 2014 ஆம் ஆண்டில் பில் மெலிண்டா கேற்ஸ் அறக்கட்டளையின் பரிசினைப் பெற்றது. பின்னர் கைத்தொலைபேசியே அவ்விடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது.

இனிச் செலவு. பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறுங் கட்டணம் உண்டு. அமைப்பவர் கூலி ஒருமுறை. அயல்நாட்டு நிறுவனத்திடம் இடம் வாங்கினால் கட்டணம் டொலரில் வரும். 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அணுகிற்று. மாதம் 10 டொலர் செலுத்தியவருக்கு 2000 ரூபாச் செலவு சில வாரங்களில் 3600 ஆயிற்று. பல கடைகளின் தளங்கள் அக்காலத்தில் அணைந்தமைக்கு வியப்பில்லை. மூன்று பக்கத் தளத்துக்கு மாதம் 10 டொலர் இடம் வேண்டியதுமில்லை. உள்நாட்டில் ரூபாவிற் பெறக்கூடியதே போதுமானது. ‘எல்லாம் இலவசம்’ என்பாரிடமும் கவனம் வேண்டும். அவர் கொடுக்கும் பெயரில் அவர் கம்பனியின் பெயரே முற்பட்டு நிற்கும்.

பேஸ்புக் பக்கம் இருக்கத் தளம் எதற்கு என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. நுவரெலியாவில் ஸ்ரோபெரி விற்பவருக்கும், நாளாந்தம் மரக்கறி விலை அறிவிப்பவருக்கும் அதுவே போதும் என்பது எம் கருத்து. ஆயின் அது பிறர் நிலத்தில் இட்ட கொட்டில். நிலக்காரர் விதியை மாற்றினால் நாமும் மாற வேண்டும். கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் முறையிடுவதற்கு ஹற்றனிற் கந்தோர் இல்லை. அயலூரார் தேடிவர வேண்டிய தொழில் எதற்கும் தனித்தளம் நன்று. பேஸ்புக் அதற்கு வழிகாட்டும் பலகையாக இருக்கட்டும். கூகிள் வரைபடத்தில் இடத்தைக் குறித்து வைத்தலும் இன்றியமையாதது. வீதி இலக்கம் இல்லாத லயன் கடைக்கும் அப்புள்ளி சரியான வாசலைக் காட்டும். தபாலால் முடியாததை அது செய்கின்றது.

தேயிலை விற்க விரும்புவோர்க்குத் தனியாகச் சில கூற வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக, கொழுந்து பறிப்பவருக்கும் தேநீர் அருந்துபவருக்கும் இடையே தரகரும் கப்பலும் கடலும் நின்றன. 1890 இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்ரன் இடைத்தரகரை விலக்கித் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரஞ் செய்து தேயிலை விற்றார். அன்று அதற்குப் பெருமுதல் வேண்டியிருந்தது. 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏல விற்பனையே நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மண்டபத்துக் கூச்சலாக நடைபெற்று, கொரோனாத் தொற்றினால் 2020 ஏப்பிரிலில் இணையத்துக்கு மாறிவிட்டது. அத்துணைப் பழைமையான சந்தை சில நாளில் மாறியதாயின், சிறு வணிகர் தயங்குவதற்குக் காரணமில்லை. எனினும் விதிகள் உள. சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுதும் இலங்கையில் விளைந்து இங்கேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்கு, சபையின் அனுமதி பெற்றே அதனை இடலாம். அழகாக இருக்கின்றதென்று தளத்தின் தலைப்பில் ஒட்டிவிடுதல் குற்றமாகும். அயல்நாட்டுக்கு அனுப்பி வாணிகம் செய்வோர் சபையிற் பதிவு பெறுதலும் வேண்டும். அயலார் எடுத்த கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களைக் கேளாமல் எடுத்தாள்வதும் தகாது. அப்பெண்களுக்கு முகமும் பெயரும் உண்டு. அவர் இசைவு கேட்டு நீங்களே எடுத்த படம் தளத்துக்குப் பொருந்தும்.

விடுதிக்காரர் விருந்தினரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடவுச்சீட்டு விபரம் ஆகியவற்றைத் தளத்தின் வழியே பெறுவாராயின், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அமைப்பவரோடு கலந்து அறிந்துகொள்ளல் வேண்டும். தேவையற்றதைக் கேளாதிருத்தலே எளிய காவல். பெயரும் வரும் நாளும் ஆட்டொகையும் தெரிந்தால் அறையை ஒதுக்கிவிடலாம்.

தளம் எழுந்தபின் அதனைப் பார்க்க ஆள் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வீசியபோது மலைநாட்டில் மண்சரிவுகள் நேர்ந்து வீதிகளும் புகையிரதப் பாதையும் அடைபட்டன. யாத்திரைக் காலம் தொடங்கும் நேரம் அது. அத்தகைய வேளையில் வெளியூரார் அறிய விரும்புவது, வழி திறந்திருக்கின்றதா, விடுதி நிற்கின்றதா என்னும் இரண்டையே. முதற் பக்கத்தின் தலையில் ஒரு வரி, நாளோடு எழுதப்பட்டால், அவர் வருகையை ஒத்திவைப்பாரேயன்றிக் கைவிடார். அவ்வொரு வரியை எழுத வணிகருக்கே தெரிந்திருத்தல் வேண்டும். அமைப்பவரைத் தேடிக்கொண்டிருக்க அப்பொழுது நேரமிராது. எனவே கூலி பேசும்போதே, தளத்தைத் திருத்தும் முறையை வீட்டில் ஒருவருக்கு, பெரும்பாலும் பாடசாலை செல்லும் மகனுக்கோ மகளுக்கோ, அரை நாள் இருந்து கற்பித்தல் வேண்டுமென்று உடன்பட்டுக்கொள்க. வாடகையும் பஸ் நேரமும் மாறும். பௌர்ணமி ஆண்டுதோறும் வேறு நாளில் வரும். கார்த்திகை பிறந்ததும் அம்மூன்றனையும் திருத்திவிட்டால் அவ்வாண்டு யாத்திரிகருக்குத் தளம் ஆயத்தமாகிவிடும்.